அந்தப் படத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நான் எழுந்து வெளியே போய்விட்டேன்

ஜெர்மனியின் தெற்கே ஒரு நகரத்தில் மென்பொருள் டெஸ்டிங் வேலையில் இருக்கும் 31 வயது வாசகர், மனநல ஆலோசகரான எனக்கு எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சிலவற்றை விட்டுவிட்டேன். ப்ளூ கார்டு விசாவில், அதாவது படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தரும் அனுமதியில், அங்கே போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் மூன்று மாதத்தில் மனைவியும் போய்ச் சேரப்போகிறார்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஆபீஸில் பல நாட்டு ஊழியர்கள் ஒன்றுகூடும் ஒரு மாலை நிகழ்ச்சி நடந்திருக்கிறது. அதில் ஒரு நகைச்சுவைப் படம் போட்டிருக்கிறார்கள். வேற்று நாட்டுக்கு வேலைக்குப் போன ஒருவன் அங்குள்ள பழக்கவழக்கம் புரியாமல் படும் பாடுதான் கதை. மேலதிகாரி அறைக்குள் வரும்போதெல்லாம் அவன் விருட்டென்று எழுந்து நிற்பான், நாற்காலி பின்னால் சாயும். மூன்றாவது முறை நாற்காலி விழுந்தபோது அறையே சிரித்ததாம். இரண்டு மூன்று பேர் திரும்பி இவரைப் பார்த்தார்களாம். வேலையில் சேர்ந்த முதல் ஆறு வாரமும் மேனேஜர் வந்தால் இவரும் எழுந்து நின்றவர். அப்போதே எழுந்து கழிப்பறைக்குப் போனவர், படம் முடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் ஒரு சக ஊழியர் இவரை அந்தக் கதாநாயகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இப்போது ஐந்து பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். "நானும் சேர்ந்து சிரித்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். காபி மெஷின் பக்கத்தில் அவனைப் போலவே தலையாட்டி, அவனைப் போலவே உச்சரித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று இரவு பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அப்புறமும் இரண்டு மூன்று முறை அதைச் செய்து காட்டியிருக்கிறார், அவர்கள் கேட்டதால்.

இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிறு மாலையானால் வயிற்றைப் புரட்டுகிறது. எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. அவருடைய கேள்விகள் மூன்று. ஒரு காமெடிப் படத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட முடியாத எனக்கு என்ன கோளாறு? புகார் கொடுத்தால் விசா போய்விடுமா? பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடட்டுமா?

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை படித்தபோது ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

மத்தியான நேரத்தில் வராந்தாவில் எதிர்ப்படுகிறவர்கள் அங்கே "மால்ட்சைட்" என்று சொல்வார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம், ஆனால் அந்த நேரத்து வணக்கம் மாதிரிதான் அது. நீங்களோ, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என நினைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் நின்று, சாப்பிட்டாயிற்று, இன்னது சாப்பிட்டேன், வயிறு நிறைந்திருக்கிறது என்று ஒரு மாதம் பதில் சொல்லியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளடைவில் தானும் என்ன சாப்பிட்டார் என்று உங்களிடம் சொல்ல ஆரம்பித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியை எழுதும்போது நீங்களும் சிரித்திருப்பீர்கள். எழுத்திலேயே அது தெரிகிறது.

இரண்டும் ஒரே சங்கதிதான். புது ஊரில் வழக்கம் புரியாமல் தடுமாறியது. ஒன்று உங்களுக்கு வேடிக்கை, இன்னொன்று ரணம். அப்படியானால் உங்களுக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்பது சரியில்லை. மால்ட்சைட் கதையைச் சொல்கிறவர் நீங்கள். எங்கே நிறுத்தணும், யாரிடம் சொல்லணும், எதைச் சொல்லாமல் விடணும் என்பது உங்கள் கையில். நாற்காலி விழுந்தபோது கதை அவர்கள் கையில் இருந்தது, நீங்கள் வெறும் வேடிக்கைப் பொருள். அந்த இடத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன், முடிந்தால் தேடிப் பாருங்கள். "ஆல்மான்யா" என்று 2011இல் ஜெர்மனியில் வந்த நகைச்சுவைப் படம். துருக்கியிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் ஒன்றின் கதை. ஷம்தெரெலி சகோதரிகள் எழுதியது, மூத்தவர் யாசெமின் இயக்கினார். 1961 அக்டோபரில் அன்றைய மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டது. 1964 செப்டம்பர் 10 அன்று பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி (இப்படி வேற்று நாடுகளிலிருந்து வேலைக்கு எடுத்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள்) என்று போர்ச்சுகலிலிருந்து வந்த அர்மாண்டோ ரொத்ரிகேஷ் என்ற தச்சரைக் கொலோன் நகர ரயில் நிலையத்தில் மேளதாளத்தோடு வரவேற்று ஒரு மொபெட் பரிசு கொடுத்தார்கள். அந்த மொபெட் இன்றைக்கும் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் வரும் தாத்தா அவருக்கு அடுத்து வந்த ஆள், பத்து லட்சத்து ஒன்றாவது. அவருக்கு மொபெட்டும் கிடையாது, மேளமும் கிடையாது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். அந்தக் குடும்பம் ஜெர்மனியில் வந்து இறங்கும் காட்சிகளில், அவர்கள் வீட்டுப் பேச்சு பார்க்கிறவர்களுக்குப் புரிகிற ஜெர்மன் மொழியில் இருக்கும். உள்ளூர் ஜெர்மன்காரர்கள் வாயைத் திறந்தால் எவருக்குமே புரியாத, இட்டுக்கட்டிய உளறலாகக் கேட்கும். கடைக்காரர் ஏதோ சத்தமாகச் சொல்வார், ஒரு வார்த்தை பிடிபடாது. அந்தத் தடுமாற்றத்தில் படம் பார்ப்பவரும் மாட்டிக்கொள்வார். அப்படியும் சிரிக்க வைக்க முடியும். வந்தவன் தவறு செய்கிறான் என்பதற்காக அங்கே சிரிப்பதில்லை, வந்தவனின் காது வழியாக ஊர் எப்படிக் கேட்கிறது என்பதற்காகச் சிரிக்கிறோம். உங்கள் ஆபீஸில் போட்ட படம் எது என்பது எனக்கு முக்கியமில்லை. வந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் படமும் உண்டு, வந்தவனோடு நின்று சிரிக்கும் படமும் உண்டு என்பது மட்டும் உங்கள் மனசில் இருக்கட்டும்.

எட்டு மாதமாகியும் ஏன் சரியாகவில்லை?

"ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும் என்று சொன்னார்கள், எனக்கு ஆறு மாதத்துக்கு மேல்தான் மோசமானது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி உங்களிடம் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் 1955இல் நார்வே ஆய்வாளர் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆராய்ச்சிக்கும் போய்வந்த தன் நாட்டவர் இருநூறு பேரிடம் கேட்டுப் பார்த்தபோது கிடைத்த படம் வேறு. ஆறு மாதத்துக்குள் இருந்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பதினெட்டு மாதத்தைத் தாண்டியவர்களும் நன்றாக இருந்தார்கள். ஆறிலிருந்து பதினெட்டு மாதம்வரை இருந்தவர்கள்தான் சிரமப்பட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லோருக்கும் இதே வரிசையில் நடப்பதில்லை என்று காட்டியிருக்கின்றன, அதனால் இதை ஜாதகம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டாவது மாதத்தில் வாடுவது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த பலவீனம் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்தப் பண்பாட்டு அதிர்ச்சி என்ற சங்கதியைப் பரவலாகப் பேச வைத்தவர் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் அவர் பேசிய பேச்சு பிறகு கட்டுரையாக வந்தது. கை கொடுப்பது எப்போது, யாரிடம் என்ன சொல்வது, எதைச் சீரியஸாக எடுத்துக்கொள்வது என்று நாம் யோசிக்காமலே செய்யும் ஆயிரம் சின்னச் சைகைகள் ஒரே நாளில் செல்லாமல் போவதுதான் இதன் வேர் என்றார் அவர். நீங்கள் எழுந்து நின்றதும் அப்படிச் செல்லாமல் போன ஒரு சைகைதான். உங்கள் கையில் அது மரியாதை, அவர்கள் கண்ணுக்கு அது பதற்றம். கை கழுவிக்கொண்டே இருப்பது, தண்ணீரையும் படுக்கையையும் நம்பாதது, யாரோ ஏமாற்றப் போகிறார்கள் என்ற பயம், உள்ளூர் மொழியைக் கற்கவே மறுப்பது என்று அறிகுறிகளையும் ஓபெர்க் அடுக்கினார். பட்டியலில் இன்னொன்றும் உண்டு. ஊர்க்காரர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து அந்த நாட்டுக்காரர்களைக் குறைசொல்லிக்கொண்டிருப்பது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வார இறுதியில் நண்பர்கள் வீட்டில் கூடினால் ஜெர்மன்காரர்களை "கிழங்கு" என்றுதான் சொல்வோம், அந்த மூன்று மணி நேரம்தான் மூச்சுவிட முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டப்பெயர் அங்கே குடியேறிய பலரும் வைத்திருப்பதுதான். உங்கள் கூடத்தில் சொல்லும் கிழங்கையும், ஐந்து பேர் சேர்ந்து ஒற்றை ஆளைக் கூப்பிடும் பெயரையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவர்களுக்கு அது சொந்த நாடு, உங்கள் சம்பளமும் விசாவும் அந்த ஆபீஸோடு கட்டியிருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று மணி நேரம் முடிந்து ரயிலில் திரும்பும்போது மனசு லேசாக இருக்கிறதா, திங்கட்கிழமை இன்னும் பாரமாகிவிடுகிறதா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

மேனேஜர் அவமானப்படுத்தினாரா?

கடிதத்தில் இன்னொரு புகாரும் இருக்கிறது. கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் மேனேஜர் உங்கள் அறிக்கையைப் பார்த்து "இது தப்பு, மறுபடி செய்யணும்" என்று சொன்னார், முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது என்கிறீர்கள். இதையும் பட்டப்பெயரையும் ஒரே கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அதைத்தான் நான் பிரிக்கச் சொல்வேன்.

சுற்றி வளைக்காமல் வேலையைப் பற்றிப் பேசுவது அங்கே பல அலுவலகங்களில் சகஜம். அறிக்கை தப்பு என்றால் அறிக்கை மட்டும்தான் தப்பு. கூட்டம் முடிந்ததும் அதே மேனேஜர் உங்களிடம் வந்து சனிக்கிழமை மலையேறப் போகிறோம், வருகிறாயா என்று கேட்டதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களை ஒதுக்க நினைக்கிறவர் அப்படிக் கேட்பாரா? மறுபக்கம், வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று அவர் கேட்டால் நீங்கள் பக்கவாட்டில் தலையை அசைத்து "பார்க்கிறேன்" என்கிறீர்கள். நமக்கு அது "முடிந்த அளவு செய்கிறேன், முடியாமலும் போகலாம்". வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளும் ஆளுக்கு அது ஒரு வாக்குறுதி, தலையசைப்போ அதற்கு நேர்மாறு. அவர் குழம்பியிருப்பார். "வெள்ளிக்கிழமைக்குள் முடியாது, செவ்வாய்க்கிழமை தருகிறேன்" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டை வறண்டுவிடும். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் நேர்பேச்சு என்ற பெயரில் எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னால் அது நேர்பேச்சு. பிறந்த நாட்டையும் உச்சரிப்பையும் வைத்துப் பெயர் சூட்டுவது எந்த ஊரிலும் நேர்பேச்சு ஆகாது.

காபி மெஷின் பக்கத்தில் நடக்கும் நாடகத்தை நிறுத்துங்கள்

என் முழுக் கவலையும் இதில்தான். தூக்கமின்மையைவிட, பட்டப்பெயரைவிட.

தன்னைத்தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவன்தான் தன்னம்பிக்கை உள்ளவன் என்று எங்கோ படித்தீர்கள், அதைத்தான் செய்தீர்கள். பாதிதான் உண்மை. கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டினும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003இல் மனிதர்கள் நகைச்சுவையைக் கையாளும் விதத்தை நான்காகப் பிரித்தார்கள். மற்றவர்களோடு சேர்ந்து கலகலப்பாக இருப்பது ஒன்று. கஷ்டத்திலும் தன்னளவில் ஒரு வேடிக்கையைக் கண்டுகொண்டு தெம்பாவது இன்னொன்று. மற்றவரைக் குத்துவது மூன்றாவது. நான்காவது, பிறர் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன்னையே மட்டம்தட்டிக் காட்டுவது. முதல் இரண்டும் மனசுக்கு நல்லது. நான்காவது வகை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணத்தோடும் கூடவே வருகிறது என்பதைத்தான் அந்த ஆய்வுகளில் பார்த்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் முதலாவதும் நான்காவதும் ஒரே மாதிரி இருக்கும், சிரிப்புச் சத்தம் ஒன்றுதான். வித்தியாசம் அன்றைக்கு ராத்திரி தெரியும். உங்களுக்குக் கண்ணாடி முன்னால் தெரிந்தது.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு என்னிடம் வந்த பலர் இதே வேடத்தைப் போட்டவர்கள். ஒருவர் மூன்று வருடம் போட்டிருந்தார், வீட்டில் பிள்ளைகளிடம்கூட அதே குரலில் பேச ஆரம்பித்த பிறகுதான் வந்தார். நீங்கள் ஐந்தாவது வாரத்திலேயே எழுதிவிட்டீர்கள். ரொம்ப நல்லது.

அதனால் அடுத்த தடவை "அதைச் செய்து காட்டு" என்று கேட்டால் செய்யாதீர்கள். விளக்கம் கொடுக்க வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். "இல்லை" என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கணம் அந்த இடம் சங்கடமாகும். அந்தச் சங்கடத்தைச் சரிக்கட்டும் பொறுப்பு உங்களுடையது இல்லை.

பட்டப்பெயரை யாரிடம், எப்படிச் சொல்வது?

முதலில் ஆரம்பித்தவரிடம், தனியாக. ஐந்து பேர் முன்னால் வேண்டாம், மின்னஞ்சலிலும் வேண்டாம். நீங்கள் எல்லோரும் ஒருமையில்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று எழுதியிருப்பதால் ஜெர்மனிலேயே சொல்லலாம்: "பிட்டே, நென் மிஷ் நிஷ்ட் ஸோ." தயவுசெய்து என்னை அப்படிக் கூப்பிடாதே, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நான்கெழுத்துப் பெயர், யாருக்கும் வாயில் வரும்.

இரண்டு விஷயத்தில் கவனம். முன்னால் "சாரி" போடாதீர்கள். சொல்லும்போது சிரிக்காதீர்கள். நம் ஆட்கள் கசப்பான ஒன்றைச் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பையும் வைத்துக் கொடுப்போம், எதிரில் இருப்பவர் மனசு நோகக் கூடாது என்று. அங்கே அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவனும் விளையாட்டாகத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். இதுவரை நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்ததால், அவர்களில் மூன்று பேராவது இதை நட்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. படம் போட்டதும் உங்களைக் குறிவைத்து நடந்த சதியாக எனக்குப் படவில்லை. யோசிக்காமல் செய்திருக்கிறார்கள்.

உடனே நீங்கள் கேட்பீர்கள், கெட்ட எண்ணம் இல்லையென்றால் நான் வருத்தப்பட உரிமை உண்டா என்று. உண்டு. அங்கே 2006இல் வந்த சமநடத்தைச் சட்டம் இருக்கிறது, சுருக்கமாக ஆ-கே-கே என்பார்கள். இன அடையாளத்தை வைத்து ஒருவர் விரும்பாத நடத்தையால் அவருடைய கண்ணியத்தைக் குலைத்து, அவர் இருக்கும் சூழலையே இழிவானதாக ஆக்குவதைத் தொல்லை என்று அது வகைப்படுத்துகிறது. அந்த நோக்கத்தோடு செய்தாலும் சரி, விளைவு அப்படி ஆனாலும் சரி என்பது அதன் வாசகம். உங்கள் விஷயம் அந்த அளவை எட்டுகிறதா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், நான் மனநல ஆலோசகர். சும்மா பட்ட வருத்தத்துக்கெல்லாம் சட்டம் வராது. ஆனால் வேண்டாம் என்று நீங்கள் தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்ந்தால் உங்கள் பக்கம் பலமாகும். அதற்காகவும்தான் முதலில் நேரில் சொல்லச் சொல்கிறேன்.

புகார், விசா, ராஜினாமா

சொல்லியும் நிற்கவில்லை என்றால் அடுத்த படி. ஒரு நோட்டில் தேதி, இடம், யார், என்ன சொன்னார், கூட யார் இருந்தார் என்று அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். இந்தச் சட்டப்படி புகாரைக் கேட்க நிறுவனத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும், எது என்று விசாரியுங்கள். உங்கள் ஆபீஸில் பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் ஊழியர் மன்றம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊழியர்கள் தேர்ந்தெடுத்த மன்றம், எச்.ஆர். ஆட்கள் இல்லை. புகார் சொல்லப் போகும்போது அதில் ஒருவரைக் கூட அழைத்துப் போக உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே ஆலோசனை வேண்டுமானால் மத்திய அரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் கட்டணமில்லாமல் முதல்கட்டச் சட்ட ஆலோசனை தருகிறது. ஒரு காலக்கெடுவை மட்டும் மறக்க வேண்டாம். இழப்பீடு கேட்பதாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஐந்து வாரம் போய்விட்டது. வழக்குப் போடச் சொல்லவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளவாவது இந்த வாரமே கூப்பிடுங்கள்.

புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்பது தவறான பயம். ப்ளூ கார்டு கொடுப்பதும் எடுப்பதும் வெளிநாட்டவர் அலுவலகம், உங்கள் கம்பெனி இல்லை. புகார் கொடுத்ததற்காக ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் நிறுவனத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. உங்கள் பயத்தில் உண்மையான பாதியும் இருக்கிறது. வேலையே இல்லாமல் போனால் அது விசாவைத் தொடும். அதனால்தான் ராஜினாமா விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

இப்போது விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேலையில்லாக் காப்பீட்டுப் பணம் வர, கடைசி 30 மாதத்தில் 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். உங்களுக்கு எட்டுதான் ஆகியிருக்கிறது. மனைவியின் விசா உங்கள் ப்ளூ கார்டை நம்பித்தான் நகர்கிறது. வேலை மாறுவதென்றாலும் முதல் 12 மாதத்துக்குள் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் பரிசீலிக்க முடியும். இன்னும் நான்கு மாதம் போனால் அந்தத் தொல்லை குறையும். அப்புறம் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறிவிட்டால் ப்ளூ கார்டுக்காரருக்கு 21 மாதத்திலேயே நிரந்தர வசிப்புரிமை கேட்க வழி இருக்கிறது, எளிய அளவு மொழி மட்டும் தெரிந்தால் 27 மாதம். நிரந்தர உரிமை கையில் இருந்தால் பிடிக்காத ஆபீஸில் ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை. அதற்காக எதையும் சகித்துக்கொண்டு இருங்கள் என்று அர்த்தம் இல்லை. இந்த வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுங்கள், வெறுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேடாதீர்கள். யாராவது சமரசமாக விலகிக்கொள் என்று ஒரு தாளை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஊருக்குத் திரும்புவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்து நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க வேண்டாம். முதலில் தூங்குங்கள்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

ஐந்து கிலோ குறைந்தது, தூக்கம் கெட்டது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் அதை வெறும் ஊர் மாற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு போல உடம்பில் வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். குடும்ப மருத்துவரிடம் போங்கள். மனநல சிகிச்சைக்கு வழக்கமான மருத்துவக் காப்பீடே பணம் தரும். முதல் சந்திப்புக்கு நேரம் வாங்க 116117 என்ற எண் இருக்கிறது. மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கினால் என்ன நோய் என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே கூட வேலை செய்கிறவர்களே பலர் அப்படி விடுப்பு எடுத்திருப்பார்கள். இரவில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் டெலிஃபோன்ஸீல்ஸோர்கெ என்ற உதவி எண்ணை, 0800 111 0 111, எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் 112.

மனைவியிடம் எதையும் சொல்லவில்லை, வீடியோ காலில் சிரித்த முகத்தோடு மட்டும் உட்காருகிறேன் என்கிறீர்கள். ஆபீஸ் விருந்தில் அவர் முன்னால் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி. அவர் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாற்காலி, கழிப்பறை, கண்ணாடி எல்லாவற்றையும். இன்னும் மூன்று மாதத்தில் அவருக்கும் இதே தடுமாற்றம் வரப்போகிறது. உங்கள் வகை விசாவில் வரும் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே வேலை பார்க்க அனுமதி உண்டு, ஆக அவரும் ஏதோ ஓர் ஆபீஸில் யார் வந்தாலும் எழுந்து நிற்கப்போகிறார். நீங்கள் வெறும் சிரித்த முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால், தன்னால் மட்டும்தான் முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

முடிந்தால் சொல்ல ஆரம்பிக்கும்போது மால்ட்சைட் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். அதோடு இன்னொன்று. கணக்குப் பிரிவுப் பெரியவர் தினமும் என்ன சாப்பிட்டார் என்று இன்றைக்கும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஆனால் இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வரும் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் அவர் மேஜைக்குப் போய் வருகிறீர்களா என்று கேளுங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்கியதும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.